கார்த்திகை 1-க்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தலாமா? ரிட்டயர்டு ஹவில்தார், தினமும் ஒரு ஆஃப்

பாலாற்றங்கரை (கேள்வி)

அக்கா வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். வயது 46. 24 வருஷ சர்வீஸ் முடித்து ஹவில்தாராக வந்து 2 வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை காஷ்மீர் போஸ்டிங். இப்போது தினமும் ராத்திரி ஒரு ஆஃப் ரம். காலையில் கை நடுக்கம். ஒரு மடக்கு உள்ளே போனால்தான் டீ கிளாஸைப் பிடிக்க முடிகிறது. தூக்கத்தில் கத்துகிறார், எழுப்பப் போனால் கையை ஓங்குகிறார். முதுகு வலிக்கு டிரமடால் மாத்திரை வேறு.

1. வருகிற கார்த்திகை 1-ம் தேதி மாலை போட்டு அன்றோடு நிறுத்திவிடலாம் என்கிறார் அக்கா. சரிதானா?
2. சாப்பாட்டில் கலந்தால் குடியே மறந்துவிடும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். கொடுக்கலாமா?
3. இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருக்கிறது. இதற்கெல்லாம் அதில் பார்ப்பார்களா? பென்ஷனுக்குப் பாதகம் வருமா?
4. குடியை முதலில் பார்ப்பதா, தூக்கத்தில் கத்துவதை முதலில் பார்ப்பதா?

---

மூணாவது ஷிப்ட் (மனநல வார்டு நர்ஸ்)

மாலை போடறதுல தப்பே இல்ல தம்பி. தேதிதான் தப்பு. அட்மிஷன் முதல்ல, மாலை அதுக்கப்புறம்.

கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம ஊர் ரம் 42.8 சதவீதம். ஆஃப்ங்கறது 375 மில்லி, அதுல சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 127 கிராம். 10 கிராம் ஒரு டிரிங்க்னு வெச்சா தினம் 12, 13 டிரிங்க். காலை நடுக்கம் ஒரு மடக்குல அடங்குதுன்னா, ராத்திரி தூங்கின நேரத்துலயே உடம்பு சரக்கைத் தேட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். இந்த நிலையில ஒரே நாள்ல நிறுத்தினா இப்படித்தான் போகும்:

கடைசி மடக்குக்கு அப்புறம் 6-லிருந்து 8 மணி நேரத்துல நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு. முதல் 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள்ள ஜன்னி மாதிரி ஒண்ணு வரும், டெலிரியம்னு சொல்வாங்க. ஆள் எங்க இருக்கோம்னு தெரியாம இருப்பார், சுவத்துல பூச்சி ஓடுதும்பார், போர்வையைப் பிச்சுப் பிச்சு எடுப்பார், காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். மிலிட்டரியில இருந்தவங்க இந்த நேரத்துல இல்லாத ஆளுக்கு ஹிந்தியில ஆர்டர் போடுவாங்க. வீட்டுல பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலையைத் தேடுவாங்க, இல்லன்னா கயித்துல கட்டிப் போடுவாங்க. ரெண்டும் வேண்டாம். கவனிக்காம விட்டா உயிர் போற நிலைமை இது. நேரா 108.

மாலை போட்ட மூணாம் நாள் ஒருத்தர் உளறினா "சாமி வந்திருக்கு"ன்னு விட்டுடறதும் உண்டு. கார்த்திகை பொறந்த முதல் வாரத்துல இந்த கேஸ் வராத வார்டு இல்ல.

"போன வருஷமும் நிறுத்தினார், ஒண்ணும் ஆகலையே"ன்னு அக்கா சொல்வாங்க. நிறுத்தி நிறுத்தித் திரும்பக் குடிக்கறவங்களுக்கு விட்டுவிலகல், அதாவது நிறுத்தினதும் வர்ற உடம்புத் தொந்தரவு, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கடுமையா வரலாம். அதனால போன வருஷத்தை வெச்சு இந்த வருஷத்தைக் கணிக்க முடியாது.

வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில இரும்புச் சாவி திணிக்க வேண்டாம், வாயில ஸ்பூன் வைக்க வேண்டாம். குடியை நிறுத்தினதால வர்ற வலிப்புங்கறதால, 5 நிமிஷம் ஆகட்டும்னு காத்திருக்காம உடனே 108 கூப்பிடுங்க.

இன்னொரு தப்பு, ரொம்ப சாதாரணமா நடக்கறது: கை நடுங்குது, சாப்பிடலன்னு பக்கத்து கிளினிக்ல குளுக்கோஸ் பாட்டில் ஏத்துவாங்க. வருஷக்கணக்கா குடிச்சவங்க உடம்புல தயமின், அதாவது பி1, வறண்டு கிடக்கும். அந்த நிலையில வெறும் குளுக்கோஸ் போனா மிச்சமிருக்கற பி1-ஐயும் அது செலவழிச்சிடும். மூளை பாதிக்கும். கண்ணு ரெண்டு ரெண்டா தெரியும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். சில பேருக்கு ஞாபகசக்தி திரும்பறதே இல்ல. அதனால எங்க போனாலும் சொல்லுங்க: "தினமும் குடிக்கறவர், தயமின் ஊசி போட்டுட்டு குளுக்கோஸ் போடுங்க."

ஆஸ்பத்திரியில 5-லிருந்து 10 நாள் ஆகும். குளோர்டயசெபாக்சைடு மாதிரி மாத்திரையைத் தேவைக்கேத்த அளவுல தொடங்கி நாளுக்கு நாள் குறைச்சு நிறுத்துவாங்க. கல்லீரல் கெட்டிருந்தா லோராசெபம். கடையில வாங்கி வீட்டுல ஓட்டற விஷயம் இல்ல. அந்த மாத்திரை மேல சரக்கும் குடிச்சுட்டா மூச்சு அடங்கிடலாம். அட்மிஷன் கிடைக்கற வரைக்கும் திடீர்னு நிறுத்தாதீங்க, அளவையும் ஏத்தாதீங்க.

பொடி பத்தி: அதுல என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. சிலதுல டைசல்ஃபிராம் கலந்திருப்பாங்க. தெரியாம அதைச் சாப்பிட்டவர் மேல ஒரு குவார்ட்டர் போட்டா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி விழுவார். இதயம் பலவீனமா இருந்தா அதோட முடிஞ்சது. டாக்டர் கொடுக்கற டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான். ஆனா குடிக்கறவர் தெரிஞ்சு, ஒத்துக்கிட்டு, கடைசி மடக்குக்குக் குறைஞ்சது 12 மணி நேரம் கழிச்சுத்தான் தொடங்கணும். மாத்திரை நிறுத்தினதுக்கு அப்புறமும் 2 வாரம் வரைக்கும் அதோட வேலை இருக்கும். ஆல்கஹால் இருக்கற இருமல் டானிக்கும் ஆகாது, அரிஷ்டமும் ஆகாது. அரிஷ்டம் புளிக்கும்போது தானே ஆல்கஹால் ஊறும், இது நிறைய பேருக்குத் தெரியாது.

---

ஃபைல் நம்பர் (முன்னாள் படைவீரர் நலப் பணி)

மூன்றாவது கேள்விக்கு. இசிஎச்எஸ் 2003-ல் வந்த திட்டம். மனநோயும் அதில் அடங்கும். வழி இதுதான்: கார்டுடன் இசிஎச்எஸ் பாலிகிளினிக் போய் மெடிக்கல் ஆபீசரைப் பாருங்கள். எல்லா பாலிகிளினிக்கிலும் மனநல மருத்துவர் இருக்க மாட்டார். ரெஃபரல் போடச் சொல்லி வாங்குங்கள், ராணுவ ஆஸ்பத்திரிக்கோ எம்பேனல் ஆன (இசிஎச்எஸ் பட்டியலில் உள்ள) தனியார் ஆஸ்பத்திரிக்கோ.

சிக்கல் வருவது இங்கேதான். எம்பேனல்மென்ட் துறை வாரியாகக் கொடுக்கப்படுவது. இதயத்துக்கும் எலும்புக்கும் எம்பேனல் ஆன ஆஸ்பத்திரியில் மனநலத்துக்கு இல்லாமல் இருக்கலாம். ரெஃபரல் கையில் வந்த பிறகு அங்கே போய், "இந்தத் துறைக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் போகும். ஆளை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவருவதே பெரும்பாடு. அந்த ஒரு நாளில் மனசு மாறிவிடும். பாலிகிளினிக்கிலேயே, "மனநலப் பிரிவுக்கு, உள்நோயாளியாக, எம்பேனல் ஆனது எது?" என்று கேட்டு, அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுப் படுக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரெஃபரல் எழுதச் சொல்லுங்கள்.

அவசரம் என்றால் ரெஃபரல் தேவையில்லை. வலிப்பு, குழப்பம், தற்கொலை முயற்சி எல்லாம் அவசரம்தான். எம்பேனல் ஆஸ்பத்திரி நேராகவே சேர்த்துக்கொள்ளும். எம்பேனல் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். தாமதமானால் பில் பாஸ் ஆகாமல் இழுபடும். எமர்ஜென்சி சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் எல்லாமே ஒரிஜினலாக வாங்கி வையுங்கள்.

வெளியே வந்த பிறகு மாத்திரை பாலிகிளினிக்கில்தான். இருப்பில் இல்லையென்றால் என்.ஏ. (இருப்பில் இல்லை) என்று எழுதி வாங்கி, வெளியே வாங்கிய பில்லைக் கொடுத்துப் பணம் பெறலாம். மாத்திரை தீர்வதற்கு 5 நாள் முன்பே போங்கள். தீர்ந்த பிறகு போய், ஸ்டாக் இல்லாமல், அடுத்த வாரம் வரச்சொல்லி, அந்த இடைவெளியில் பாட்டிலைத் தொட்டவர்கள் அதிகம்.

பென்ஷன்: சிகிச்சை எடுத்ததற்காக சர்வீஸ் பென்ஷனில் ஒரு ரூபாய் குறையாது. டிஸெபிலிட்டி பென்ஷன் வேறு கதை. குடியால் வந்த ஊனத்துக்கு இழப்பீடு இல்லை என்று விதிகளே சொல்கின்றன. ஆனால் பணியில் பட்ட அதிர்ச்சியால் வந்த மனநோய் தனி நோய். அது பணிக்குத் தொடர்புடையதா என்று மெடிக்கல் போர்டு பார்க்கும். எனவே டாக்டர் இரண்டையும் கண்டறிந்தால் சம்மரியில் இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். "ஆல்கஹால்" என்று ஒற்றை வார்த்தையில் முடிந்த காகிதத்தை வைத்துக்கொண்டு பிறகு வாதாடுவது கடினம். ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஓய்வின்போது நடந்த மருத்துவப் பரிசோதனை) காகிதம், ராணுவ டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆணை) மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேல் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். அட்மிஷன் காத்திருக்க வேண்டாம்.

---

சாய்வு நாற்காலி (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்)

நான்காவது கேள்வி. "முதலில் குடியை விடட்டும், ஒரு வருஷம் கழித்து மனசைப் பார்க்கலாம்" என்பது பழைய முறை. குடிப்பதே அந்தக் கனவை அமுக்கத்தான் என்றால், பாட்டிலை மட்டும் எடுத்தால் முதல் வாரமே கனவு இரட்டிப்பாக வரும். ஆல்கஹால் அடக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் திரும்பி எழும்போது அப்படித்தான் நடக்கும். நச்சு நீக்கம் (ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்த வைக்கும் அந்தச் சில நாள்) முடிந்ததும் இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரக் கனவு விட்டுவிலகலாலும் வரும் என்பதால் பேரதிர்ச்சி நோய்தானா (பிடிஎஸ்டி, பழைய அதிர்ச்சியால் வருவது) என்பதை 3, 4 வாரம் கழித்து மறுபடி உறுதி செய்வது நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: பழைய காட்சி நடப்பதுபோலவே திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சைத் தவிர்ப்பது, எதிலும் பிடிப்பில்லாமல், தன் மேலேயே பழி போட்டுக்கொள்வது, எப்போதும் உஷாராக இருப்பது. ஒரு மாதத்துக்கு மேல் இவை இருந்து, வாழ்க்கையையும் கெடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பேருந்தில் கடைசி சீட்டையே தேடுவது, ஹோட்டலில் சுவருக்கு முதுகு காட்டி உட்காருவது, சாவு ஊர்வலத்தின் வெடிச் சத்தத்துக்குத் தரையில் பதுங்கிவிட்டு அந்த வெட்கத்தில் நேராக டாஸ்மாக் போவது: இந்த மாதிரிச் சின்ன விஷயங்களை அக்கா எழுதி வைக்கட்டும். "கோபக்காரர்" என்ற சொல்லைவிட இவை மருத்துவருக்குப் பயன்படும்.

சிகிச்சையில் இரண்டு கால். பேச்சு சிகிச்சையில், நடந்ததைப் பற்றிய எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கும் முறை ஏறக்குறைய 12 அமர்வு. தவிர்க்கும் நினைவைப் பாதுகாப்பான அறையில் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை 8 முதல் 15 அமர்வு. நான்காவது அமர்வுக்குப் பக்கத்தில் ஆள் ஓடப் பார்ப்பார், ஏனென்றால் அப்போதுதான் மையத்தைத் தொடுகிறோம். அந்த வாரம் குடும்பம் கூடவே இருக்க வேண்டும். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். "கவுன்சிலிங்" என்று அரை மணி நேரம் புத்திமதி சொல்வதால் இது தீராது.

மருந்தில் பெரும்பாலும் செர்ட்ராலின், 50-லிருந்து 200 மில்லிகிராம் வரை. பலன் தெரிய 4-லிருந்து 6 வாரம். முதல் வாரம் வயிற்றுப் போக்கு, பதற்றம் இருக்கும். அந்த வாரத்திலேயே "இது ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள். கொடுங்கனவுக்குப் பிராசோசின் 1 மில்லிகிராமில், படுக்கும் முன், தொடங்குவார்கள். முதல் மாத்திரையில் எழுந்து நின்றால் தலை சுற்றி விழலாம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழ வேண்டும்.

அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரைகளை மாசக்கணக்கில் எழுதினால் ஏன் என்று கேளுங்கள். ஒரு அடிமைத்தனத்துக்குப் பதில் இன்னொன்று.

எழுப்பும் விஷயம்: தொடக் கூடாது. கதவருகே நின்று விளக்கைப் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டுல இருக்கீங்க, நான்தான்" என்று இரண்டு தடவை சொல்லட்டும். கை ஓங்குவது அக்கா மேல் உள்ள கோபம் இல்லை. அவர் இன்னும் முழிக்கவில்லை, அவ்வளவுதான்.

---

மூணாவது ஷிப்ட்

டிரமடாலை மறந்துட்டோம். அது வலிப்பு சுலபமா வர வைக்கும். செர்ட்ராலினோட சேர்ந்தா நடுக்கமும் காய்ச்சலும் வர்ற ஆபத்து உண்டு. குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் கொடுத்தாங்கன்னா, டிரமடால் வலிக்குச் சரியா வேலை செய்யாது. பழகிப் போன உடம்பா இருந்தா உடனே கடுமையான விலகல் வரும். ஆனா டிரமடாலையும் நீங்களே நிறுத்தாதீங்க. ஸ்ட்ரிப்போட டாக்டர்கிட்ட காட்டுங்க. நால்ட்ரெக்சோனுக்கு முன்ன கல்லீரல் டெஸ்ட் எடுப்பாங்க. அகாம்ப்ரோசேட்னா 333 மில்லிகிராம் ரெண்டு ரெண்டா மூணு வேளை, அதுக்கு கிட்னி டெஸ்ட். நாளைக்கு ஆறு மாத்திரைங்கறதால மத்தியானத்து வேளைதான் விட்டுப்போகும்.

---

ஊர்க்காரன் 72

எதுக்கு இவ்வளவு? மிலிட்டரி கேன்டீன் கார்டைப் பிடுங்கி பீரோவில் பூட்டுங்கள். மனசு உறுதி இருந்தால் போதும். மிலிட்டரிக்காரனுக்கு உறுதி இல்லாமலா?

---

ஃபைல் நம்பர்

அண்ணா, தினம் ஆஃப் என்றால் மாதம் 15 ஃபுல். கேன்டீன் கோட்டா அவ்வளவு கொடுப்பதில்லை. மீதி டாஸ்மாக் சரக்கு. கார்டைப் பூட்டினால் அவர் பர்ஸில்தான் ஓட்டை விழும், குடி நிற்காது. ஆனால் சிகிச்சை முடிந்து வந்த பிறகு லிக்கர் கோட்டாவை அவரே வாங்காமல் விடுவது அவசியம். "நீங்க குடிக்கலைன்னா எனக்கு வாங்கித் தாங்க மாமா" என்று பக்கத்து வீட்டுக்காரர் வருவார். அந்தப் பாட்டில் ஒரு ராத்திரி வீட்டில் இருந்தால் போதும்.

உறுதியைப் பற்றி ஒன்று: 24 வருஷம் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நேரம் சொல்ல ஆள் இருந்தது. ரிட்டயர் ஆனதும் காலை 5 மணிக்கு முழித்துக்கொண்டு 11 மணி வரை செய்ய ஒன்றுமில்லை. அந்த ஆறு மணி நேரத்தை நிரப்பாமல் உறுதியைக் கேட்பது வீண்.

---

பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. "நான் என்ன பைத்தியமா?" என்று மாமா வர மறுக்கிறார். ஒரு சென்டரில் போன் செய்தால், வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவோம், 3 மாதம் பார்க்க வர வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்றும் இருக்கிறது. ரிட்டயர் ஆன புதிதில் பேங்க் காவல் வேலைக்கு வாங்கியது.

---

சாய்வு நாற்காலி

துப்பாக்கியை இன்றைக்கே பாருங்கள். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது அவருக்குப் பழக்கமானதுதான். அதே போல ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கலாம். அவர் கையாலேயே ஒப்படைக்க வைத்தால் மரியாதை கெடாது. தோட்டாவும் சேர்ந்து போக வேண்டும். விவசாய வீடு என்றால் பூச்சி மருந்தையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். "நான் போயிட்டா பென்ஷன் உங்களுக்கு வரும்" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று அக்காவிடம் கேளுங்கள். சொல்லியிருந்தால் அதை விளையாட்டாக எடுக்காமல், தனியாக விடாமல், அன்றே எமர்ஜென்சி. ராத்திரி எந்த நேரமானாலும் டெலி மானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416, தமிழில் பேசலாம். ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் (ஏஎஃப்எம்சி) அதன் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

வேன் சென்டர் வேண்டவே வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிப் பிரச்சினையும் மனநோய்க்குள் அடங்கும். அவர் சம்மதத்தோடு சேர்வது 86-வது பிரிவு. சம்மதிக்கும் நிலையில் இல்லாமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் 89-வது பிரிவு: நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் செயல்படுபவர்) விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், உச்ச வரம்பு 30 நாள். சங்கிலியில் கட்டுவதை 95-வது பிரிவு தடை செய்கிறது. எந்த சென்டரானாலும் நான்கு கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று எங்கே? ராத்திரி டாக்டர் யார்? வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி? குடும்பம் பார்க்கும் நாள் எது? நான்காவதுக்கு "இல்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாலாற்றுப் பக்கம் என்றால் வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்தில் குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

"பைத்தியமா" என்பதற்கு விவாதம் வேண்டாம். மனநலம் என்று தொடங்காமல் தூக்கம், கை நடுக்கம், முதுகு வலி என்று தொடங்குங்கள். பொய் இல்லை, மூன்றும் அவருடைய புகார்தான். பேச வேண்டிய நேரம் காலை, முதல் மடக்குக்குப் பிறகு, தெளிவாக இருக்கும்போது. ராத்திரி 9 மணிக்கு அக்கா அழுதுகொண்டு கேட்டால் வாக்குறுதி கிடைக்கும், காலையில் அது நினைவிருக்காது. கூட வேலை பார்த்த ஒரு சுபேதாரோ அவர் மதிக்கும் பழைய சீனியரோ வந்து, "மெடிக்கல் போய்ட்டு வரலாம் வா" என்றால் மறுபேச்சு இருக்காது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியது.

---

மூணாவது ஷிப்ட்

மாலை பத்தி திரும்ப. 10 நாள்ல டிஸ்சார்ஜ் ஆனா, டாக்டரைக் கேட்டுட்டு அதுக்கப்புறம் மாலை போடட்டும். அந்த 41 நாள் உண்மையிலேயே பெரிய துணை: மறுபடி விழறது அதிகமா நடக்கற முதல் வாரங்களை மூடிடும், காலை மாலை பூஜை நேரம் நாளைக் கட்டிப் போடும், சரக்கு வாங்கித் தர ஊருல யாருக்கும் தைரியம் வராது. விரதம்னு மாத்திரையை நிறுத்தக் கூடாது, குருசாமிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பிராசோசின் போடறவர் விடியக்காலை குளிக்கச் சட்டுனு எழுந்தா தலை சுத்தலாம், யாராவது பக்கத்துல இருங்க. மலை ஏறலாமான்னு டாக்டர் சொல்லட்டும்.

மாலையைக் கழற்றற அன்னைக்குத்தான் நிறைய பேர் திரும்பக் குடிக்கறாங்க. வேன்ல திரும்பி வரும்போதே பாட்டில் ஏறிடும். 41 நாள்ல உடம்பு பழக்கம் விட்டிருக்கும். பழைய ஆஃப் இப்ப ரெண்டு மடங்கா அடிக்கும். அதனால கழற்றற நாளுக்கு அடுத்த நாளே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இப்பவே வாங்கிடுங்க. பக்கத்துல ஏஏ (குடியை விட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடற சங்கம்) கூட்டம் எந்தக் கிழமைன்னு விசாரிச்சு வெச்சுக்கோங்க. அக்காவுக்கு அல்-அனான், அது குடும்பத்தாருக்கான கூட்டம்.

---

பாலாற்றங்கரை

துப்பாக்கி இன்று மதியம் ஸ்டேஷனில். ரசீது வாங்கிவிட்டோம், மாமாவே கையெழுத்துப் போட்டார். திங்கள் காலை பாலிகிளினிக். அவருடைய பழைய சுபேதார் கூட வருகிறார். என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

---

ஃபைல் நம்பர்

இசிஎச்எஸ் கார்டு, ஆதார், டிஸ்சார்ஜ் புக் நகல், பழைய டெஸ்ட் ரிப்போர்ட். சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் ஸ்ட்ரிப்போடு. ஒரு தாளில்: தினம் எத்தனை மில்லி, எத்தனை வருஷமாக, இதற்கு முன் வலிப்பு உண்டா, சர்க்கரை உண்டா, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு. அந்தக் கடைசி வரியை வாசலில் நிற்கும்போது நிரப்புங்கள்.

---

மூணாவது ஷிப்ட்

திங்கள் காலையில அவர் வழக்கமான அந்த ஒரு மடக்கைக் குடிச்சா தடுக்காதீங்க. வரிசையில நிக்கும்போது வலிப்பு வர்றதைவிட அது மேல். டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காம சொல்லிடுங்க.